பூட்டாதீர்கள், உள்ளே வந்து பாருங்கள்

பிள்ளை பார்க்கும் வீடுகள் குறித்து, மாவட்டத்தில் குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

எங்கள் தெருவில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டை உங்கள் அலுவலர்கள் வந்து பூட்டினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்து அடுப்பங்கரைக்குப் போய், வடிகஞ்சிப் பாத்திரத்தை இழுத்து, முழங்கை வரை வெந்துபோனது. பூட்ட வேண்டிய வீடுதான். என்னால் ஏற்க முடியாதது அதற்கு அப்புறம் நடந்தது. அதே சாயங்காலம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளை பார்க்கும் மற்ற வீடுகளுக்கும் போய், "அனுமதி இல்லாம நடத்தக் கூடாது, நாளையிலிருந்து ஒரு பிள்ளையும் இருக்கக் கூடாது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த அனுமதி, யாரிடம் வாங்குவது என்று கேட்ட பெண்ணுக்கு, "ஆபீஸ்ல வந்து கேளும்மா" என்று பதில். ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். அப்படி ஒரு படிவமே கிடையாதாம்.

இல்லாத அனுமதியை வாங்கவில்லை என்று ஒருவரை எப்படித் தண்டிப்பீர்கள்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டிக்கும் தடாவுக்கும் நடுவில். விடிவதற்கு முன்னால் நெடுஞ்சாலையில் வந்து நின்றால், கம்பெனி பஸ்கள் வரிசையாக வடக்கே போவதைப் பார்க்கலாம். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, ஸ்ரீசிட்டி பக்கத்து ஆலைகளுக்குப் போகிற பஸ்கள். வேலை ஆந்திராவில், வீடு தமிழ்நாட்டில் என்று வாழும் பெண்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நானும் ஒருத்தி. ஓர் ஆலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை.

ஏ ஷிப்ட் காலை 6 மணிக்கு. 5 மணிக்கு முன்பே தெருமுனையில் நிற்க வேண்டும். பி ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவு 11 மணிக்கு மேல் ஆகும். அங்கன்வாடி திறக்கும்போது நாங்கள் லைனில் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கேயும் இரண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளைக்கு உட்கார இடம். கைக்குழந்தைக்குச் சத்துமாவு தருவார்கள், தொட்டில் தர மாட்டார்கள். அங்கன்வாடி ஊழியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1975-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது காலை 5 மணிக்கு பஸ் ஏறும் தாய்மாரை யாரும் மனதில் வைத்திருக்க மாட்டார்கள்.

பாட்டி வீட்டில் விடலாமே என்று ஒரு அலுவலர் கேட்டாராம். எங்கள் தெருவில் பாதிப்பேர் வெளியூர். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி என்று வந்தவர்கள், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். பாட்டிகள் எல்லாம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மகப்பேறு விடுப்பை 2017-இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல காரியம், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. பேறுகாலத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால், வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு நாலு மாதம் சொச்சம்தான் ஆகியிருக்கும். காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளோ 6 மாதத்திலிருந்துதான் பிள்ளையைச் சேர்க்கச் சொல்கின்றன. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பக்கத்துத் தெரு ஆயாம்மா வீட்டில்தான் இடம்.

ஆலையிலேயே காப்பகம் இருக்க வேண்டுமே என்பீர்கள். இருக்க வேண்டும்தான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு பயன் சட்டத்துக்கு வந்த 2017 திருத்தம், ஆண் பெண் என்று பார்க்காமல் 50 பேர் வேலை செய்தாலே வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் ஆலையிலும் அப்படி ஓர் அறை உண்டு. சுவரில் யானை, முயல் படம், ஓரமாக மூன்று தொட்டில். ஆடிட் வரும் நாட்களில் திறப்பார்கள். பிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் கம்பெனி பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். கம்பெனி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது விதி. இதை இந்தப் பக்கத்து அலுவலகத்தில் சொன்னால், "ஆலை அந்த மாநிலத்துல இருக்கு" என்கிறார்கள். அந்தப் பக்கம் சொன்னால், "பிள்ளை அந்த மாநிலத்துல இருக்கு" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான், அதனால் இரண்டு பக்கமும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

சரி, வாய்மொழி உத்தரவுக்கு அப்புறம் என்ன ஆனது? பிள்ளை பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை மறைந்துவிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டன. முன்பு திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் விளையாடிய பிள்ளைகள் இப்போது ஜன்னல் மூடிய அறைக்குள் இருக்கிறார்கள், அழுகை வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. இந்த வெயிலில், ஷீட் கூரைக்குக் கீழே. பயந்த இரண்டு வீட்டார் நிஜமாகவே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் பயப்படாத ஒரு வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு பிள்ளை இருந்த இடத்தில் இப்போது அதைப்போல இரு மடங்கு. பார்ப்பது அதே ஒரு பெண். முன்பு தெருவில் போகிறவர்கள் எட்டிப்பார்த்து ஒரு வார்த்தை கேட்பார்கள், அந்தக் கண்களும் இப்போது இல்லை.

எங்கள் வரிசையில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். தம்பியைப் பார்க்க வேண்டுமாம். 6 வயது முதல் 14 வயது வரை எல்லோருக்கும் கட்டாயக் கல்வி என்று 2009-இல் சட்டம் போட்ட நாட்டில், குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை ஒரு குழந்தையை ஆயா ஆக்கியிருக்கிறது. கோடி வீட்டு ஒடியாக் குடும்பத்தில் கணவனுக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குகிற அப்பனுக்குப் பக்கத்தில், தவழ ஆரம்பித்த பிள்ளை. வாசலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. உங்கள் பதிவேட்டில் இது எந்தப் பிரிவில் வரும்?

என் மகளுக்கு இடம் தேடி நான் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதில் இரண்டு வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் வீடு புதுசாகக் கட்டியது. வாசலில் போர்டு, கார்ட்டூன் சுவர், தரையில் ரப்பர் பாய், இரண்டு கேமரா. செல்போனிலேயே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மாதக் கட்டணம் மற்ற இடங்களைவிட இரு மடங்கு. பிரேம் போட்ட சான்றிதழ் ஒன்று மாட்டியிருந்தது, கிட்டப் போய்ப் படித்தால் ஏதோ ஒரு வாரப் பயிற்சி முடித்ததற்கான தாள். நான் போனது காலை 11 மணி. அத்தனை பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று சிணுங்கவில்லை, ஒன்று புரளவில்லை. "பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். வெவ்வேறு வயதில் இருக்கும் பிள்ளைகள் காலை 11 மணிக்கு ஒரே நேரத்தில் தூங்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற யாருக்கும் இது தெரியும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது, அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாவின் வீடு. ஷீட் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர். உள்ளே நுழைவதற்கு முன்பே சத்தம். ஒருவன் டப்பாவைத் தட்டுகிறான், ஒருத்தி அழுகிறாள், ஒன்று அந்த அம்மாவின் இடுப்பில். அடுப்பங்கரை வாசலுக்குக் குறுக்கே பழைய பலகையில் செய்த அரைக்கதவு, கொக்கி வெளிப்பக்கம் மேலே. குளியலறையில் வாளிகள் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தன. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: எத்தனை மணிக்கு வந்தது, என்ன சாப்பிட்டது, எப்போது தூங்கியது, எத்தனை முறை மூத்திரம் போனது. நான் அவரிடம் கேட்டதைவிட அவர் என்னிடம் கேட்டதுதான் அதிகம். காய்ச்சல் வந்தால் வலிப்பு வருமா? எந்த டாக்டர்? உன் போன் லைனுக்குள் வேலை செய்யாதே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? சாயங்காலம் யார் வந்து கூட்டிப்போவார்கள், அவர் படத்தைக் கொடு. குடித்துவிட்டு வந்தால் அப்பனாக இருந்தாலும் பிள்ளையைத் தர மாட்டேன், இப்போதே சொல்லிவிடு. என் மகளைச் சேர்த்த மறுவாரம் இன்னொரு தாய் வந்து கெஞ்சியபோது, "ஆறுக்கு மேல என்னால முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பினார்.

பிள்ளை பார்க்கும் இடம் நல்ல இடமா என்று அறிய எனக்குத் தெரிந்த வழி இதுதான்: நம்மிடம் கேள்வி கேட்கிறார்களா, முடியாது என்று சொல்லத் தெரிகிறதா. பளபளப்பான இடங்களில் இரண்டும் இல்லை.

உங்கள் உத்தரவால் இன்று மூடிக் கிடப்பது இரண்டாவது வீடு. முதல் வீட்டில் போர்டு இருப்பதால் அங்கே உங்கள் அலுவலர்கள் யாரும் போகவில்லை. அது நன்றாக நடக்கிறது.

அந்த 11 மணித் தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுக்கு வரும் யாரும் அதைக் கேட்பதில்லை. நாற்காலி எத்தனை, கழிப்பறை எத்தனை என்று எண்ணுகிறீர்கள். சளி மருந்து பாட்டில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எங்கள் வரிசையில் ஒரு பிள்ளை தினமும் துவண்டுபோய் வீட்டுக்கு வந்தது. கண் பாதி மூடியே இருக்கும், பால் இழுத்துக் குடிக்காது, நள்ளிரவில் விழித்துக்கொண்டு கத்தும். சூடு, கண்திருஷ்டி என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தூங்க வைக்க யாராவது சளி மருந்து குடுக்குறாங்களா?" கொடுத்திருந்தார்கள். பகலில் அரை மூடி, அழுதால் இன்னொரு அரை மூடி.

சளி மருந்துகளில் சேர்க்கும் குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். அதுவும் மூக்கடைப்புக்கான பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. லேபிளில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும் அந்த வரியை எந்த ஆயாம்மா படிப்பார்? 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அது தயாரானது எங்கோ இல்லை, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி, தாய்க்குத் தெரியாமல் ஊற்றும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஊற்றுகிறவருக்கே தெரியாது. பிள்ளை பார்க்கும் வீட்டில் தாய் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது என்ற ஒரே விதியை நீங்கள் போட்டு, அதை நிஜமாகவே சோதித்தால், மற்ற எத்தனையோ விதிகளைவிட அது அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றும் என்பது என் எண்ணம்.

மற்றவை எல்லாம் கண்ணால் பார்த்துவிடக் கூடியவை. சேலைத் தொட்டில் எங்கள் வழக்கம், அதைக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய பிள்ளை அதில் தலையை விட்டுச் சுற்றி விளையாடும், கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். ஆள் பார்வையில் இல்லாத அறையில் தொட்டில் தொங்கக் கூடாது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, துணிமூட்டை கிடக்கிறதா? வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? தொண்டையில் அடைத்தால் குப்புறப் பிடித்து முதுகில் தட்டத் தெரியுமா? ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளியில் தலைகுப்புற விழுந்தால் தவழும் பிள்ளையால் எழ முடியாது, ஆகவே வாளி கவிழ்ந்திருக்கிறதா? சம்ப் மூடியில் பூட்டு உண்டா? மின்கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடும் சுவிட்ச் மீட்டர் பெட்டியில் இருக்கிறதா? வடகிழக்குப் பருவமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது பிள்ளைகளை எங்கே ஏற்றுவார்கள்? வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், மாடியில் குடியிருக்கும் ஆண்கள் உள்ளே வந்துபோகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். 2012-இல் போக்சோ சட்டம் வந்ததே இந்தக் கூச்சத்தால் பிள்ளைகள் பட்டது போதும் என்றுதானே.

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு உங்கள் நெறிகளோடேயே சண்டை உண்டு. 2018 வழிகாட்டு நெறிகளின்படி 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், கூட ஓர் உதவியாளர். ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி. அதாவது எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பேரைப் போடலாம் என்கிறது கணக்கு. தீப்பிடித்தால் பத்துக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் எப்படி ஓடுவார்கள்? ஒரு வயதுக்குக் கீழே ஒருவருக்கு மூன்று பிள்ளைக்கு மேல் கூடாது. எழுதியிருக்கும் நெறியாவது வரட்டும், அப்புறம் இதைப் பேசலாம். வீட்டில் நடக்கும் காப்பகத்துக்கு இன்று அதுவும் இல்லை.

மழலையர் பள்ளிகளுக்கு 2015-இல் மாநில அரசு விதித்தொகுப்பு போட்டது. அது பள்ளிக்கூடங்களுக்கு. விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் 2014-இல் சட்டம் வந்தது. அது தங்கியிருப்பவர்களுக்கு, எங்கள் பிள்ளைகளோ ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள். பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைத் துன்புறுத்தினாலோ வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ 3 ஆண்டு வரை சிறை என்று 2015 இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கை வெந்த பிறகு வருகிற சட்டம் அது. வேகாமல் இருக்க அடுப்பங்கரைக்கு அரைக்கதவு போடு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நான் தரச் சோதனையில் இருப்பவள் என்று சொன்னேன். பெட்டியில் போட்டு ஒட்டிய பிறகு பார்த்துவிட்டு மொத்த லாட்டையும் தூக்கி எறிவதை எங்கள் லைனில் சோதனை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓடும்போதே பார்க்க வேண்டும், சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும், கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை ஓடவிட வேண்டும். ஒரு வீட்டில் கஞ்சி கொட்டியது என்பதற்காக எல்லா வீட்டையும் நிறுத்துவதற்கு மேற்பார்வை என்று பெயர் வைக்காதீர்கள். யாரும் எதையும் பார்க்காமல் எடுத்த முடிவு அது.

காகிதம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குக் கும்பகோணத்தை நினைவுபடுத்துகிறேன். 2004 ஜூலை 16. 94 பிள்ளைகள். அது அரசு உதவி பெற்ற பள்ளிக்கூடம் இயங்கிய கட்டடம். தீ தொடங்கியது சமையல் நடந்த கூரைக் கொட்டகையில். கோப்புகளில் கையெழுத்துகளுக்குக் குறைச்சல் இருந்திருக்காது. அடுப்புக்கும் கீற்றுக் கூரைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

அந்த வாய்மொழி உத்தரவை இந்த வாரமே எழுத்தில் திரும்பப் பெறுங்கள். அப்படி முடியாது என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கஞ்சி கொட்டிய வீடு பூட்டியே இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்றும் அதே தாளில் சொல்லுங்கள், அந்தத் தாய் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கு ஒரே பக்கத்தில் ஒரு பதிவுப் படிவம் கொடுங்கள். கட்டணம் வேண்டாம், தீயணைப்புத் துறை, கட்டட வரைபடம் என்று அலைய விடவும் வேண்டாம். அலைய விட்டால் முதல் வீட்டுக்காரர்தான் வாங்குவார், அரைக்கதவு வைத்த அம்மா வாங்க மாட்டார். யார் நடத்துகிறார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளை, எந்தெந்த வயது, எந்த நேரம், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி: இது போதும். வீட்டில் உள்ள பெரியவர்கள் பற்றிய போலீஸ் சரிபார்ப்பை நீங்களே காவல் நிலையத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிந்த வீடுகளுக்கு, கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி மேற்பார்வையாளரும் சேர்ந்து மாதம் ஒரு முறையாவது சொல்லாமல் போக வேண்டும். செவிலியர் எப்படியும் தடுப்பூசிக்காக இந்தத் தெருக்களில்தான் நடக்கிறார். ஆனால் அவருக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைச்சுமைக்கு மேல் இதையும் ஏற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள், ஆள் போடுங்கள், படி கொடுங்கள். ஆய்வு காலை 11 மணிக்கு மட்டும் நடக்கக் கூடாது. விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை வாருங்கள், ஷிப்ட் மாறுவது அதை ஒட்டித்தான். கண்டதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வீட்டு வாசலில் ஒட்டுங்கள். குறை இருந்தால் சரிசெய்ய நாள் கொடுங்கள். மருந்து ஊற்றி வைக்கும் வீட்டுக்கு மட்டும் நாள் கொடுக்க வேண்டாம். எந்த நேரத்திலும் தாய் தகப்பன் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதைப் பதிவின் நிபந்தனையாக வையுங்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை ஒடியாவிலும் இந்தியிலும்கூட எழுதுங்கள், அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு யாரும் சொல்லவில்லை.

பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். தொண்டை அடைப்பு, தீக்காயம், வலிப்பு, நீரில் விழுந்தால் செய்ய வேண்டியது, இந்த நாலு மட்டும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், மற்ற நாட்களில் அவர்கள் இடுப்பில் பிள்ளை இருக்கும்.

அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் பால்னா திட்டம் 2022 முதல் மத்திய அரசின் மிஷன் சக்தித் திட்டத்தின் கீழ் இருக்கிறது. எல்லையோர ஊராட்சிகளில் ஒரு மையத்தையாவது அதில் சேர்க்கக் கேட்டு எழுதுங்கள். ஷிப்ட் நேரத்துக்குத் திறக்கும் மையமாகக் கேளுங்கள், 9 முதல் 5 வரை என்றால் இங்கே யாருக்கும் பயன் இல்லை.

கடைசியாக, எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகளையும் ஆலை நிர்வாகங்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். காப்பகம் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, தொழிலாளர் குடியிருக்கும் பகுதியில் 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்று அதே 2018 நெறிகள் சொல்கின்றன. ஆடிட்டுக்காகத் திறக்கும் அறைக்குச் செலவிடும் பணத்தை ஆலைகள் எங்கள் ஊரில் செலவிடட்டும். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் இரண்டு தாய்மாரையும், பிள்ளை பார்க்கும் பெண்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறோம், மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் பதில் வேண்டும். அந்த நாலாம் வகுப்புப் பெண் ஐந்தாம் வகுப்பில் உட்கார வேண்டும். பதிலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிவிடுங்கள், எந்த ஷிப்டில் இருந்தாலும் படித்துவிடுவோம்.

இப்படிக்கு,
எல்லையோரத்துத் தாய் ஒருத்தி, தெருக்காரர்கள் சார்பாக